ஏர்லைன் கூப்பிட்டப்போ அப்பா எடுத்த ஃபோன்

கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின வெள்ளைச் சட்டை வாசனை... திருவானைக்காவல் வீட்ல அந்த வருஷம் முழுக்க அதுதான். பைலட் லைசென்ஸ் வந்தாச்சு, எப்ப வேணா கூப்பிடுவாங்கன்னு சட்டை ரெடியா தொங்கும்.

ரெண்டு இடத்துல செலக்ட் ஆகியிருந்தேன். ஒண்ணு, சின்ன ஊர்களுக்கு ஓடுற ஏர்லைன். இன்னொண்ணு, பணக்காரங்க வாடகைக்குப் பிளேன் எடுக்குற சார்ட்டர் கம்பெனி. எனக்கு ஏர்லைன்தான் வேணும். தினமும் நாலஞ்சு தடவை ஏறி இறங்கலாம், அப்பதானே கை பழகும்?

அப்பாவுக்கு சார்ட்டர்.

"ஏர்லைன்னா ஊர் ஊரா ஹோட்டல்ல தங்கணும் பாப்பா. சார்ட்டர்னா நம்ம கால் டாக்ஸி மாதிரி. விட்டுட்டு சாயந்தரம் வீட்டுக்கு வந்துடலாம்."

ஒரு மாசம் காத்திருந்தேன். ஏர்லைன்லேர்ந்து மூச்சே இல்லை. சரி, நமக்குக் கொடுத்து வெச்சது இவ்வளவுதான்னு சார்ட்டர்ல சேர்ந்தேன்.

சாயந்தரம் வீட்டுக்கா? கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போன ஒரு குடும்பம் நாலு நாள் கிளம்பவே இல்லை. பிளேன் வெயில்ல நிக்குது. நான் லாட்ஜ்ல துணி துவைச்சுக் காயப்போட்டு உட்கார்ந்திருக்கேன்.

ஒன்றரை வருஷம் கழிச்சு சென்னை ஏர்போர்ட்ல திவ்யா. ஃப்ளையிங் ஸ்கூல்ல என்கூடப் படிச்சவ, அதே ஏர்லைன் யூனிஃபார்ம்ல!

"நீ வரலைன்னு ஃபோன்ல சொன்னதாலதான்டி வெயிட்டிங் லிஸ்ட்லேர்ந்து என்னைக் கூப்பிட்டாங்க. தேங்க்ஸ்டி."

நான் எங்கடி சொன்னேன்?!

அப்புறம்தான் உறைச்சது. ஸ்கூல் அட்மிஷன்லேர்ந்து கேஸ் புக்கிங் வரைக்கும் எங்க வீட்ல எந்த ஃபார்ம்லயும் அப்பா நம்பர்தான். பிளேன் ஓட்டத் தெரிஞ்ச நானும், முட்டாள்... ஏர்லைன் ஃபார்ம்லயும் அதையேதான் எழுதியிருக்கேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்பா பேப்பர்லேர்ந்து தலையே தூக்கலை.

"ஆமா, நான்தான் வேண்டாம்னு சொன்னேன். உன் நல்லதுக்குத்தான்."

தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா ஓடி வந்து ஜன்னலைச் சாத்தினாங்க, பக்கத்து வீட்ல கேக்குமாம். அவங்க கவலை அவங்களுக்கு!

மறுபடி அப்ளை பண்ணி அதே ஏர்லைன்ல சேர எனக்கு நாலு வருஷம் ஆச்சு. இங்க சேர்ந்த தேதிதான் சீனியாரிட்டி, அதை வெச்சுத்தான் கேப்டன் ப்ரமோஷன். திவ்யா இப்ப கேப்டன். நான் அவ பக்கத்து சீட்ல கோ-பைலட்.

போன மாசம் ரெண்டு பேரும் திருச்சிக்கு ஃப்ளைட் கொண்டு வந்தோம். அப்பா ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தார். திவ்யாவோட தோள்பட்டையில இருந்த நாலு கோடு, என்னோட மூணு கோடு, ரெண்டையும் நல்லாப் பார்த்தார். வீட்டுக்குப் போற வழியில, பாலக்கரை டிராஃபிக்ல கார் நின்னப்போ, நிஜமாவே புரியாம கேட்டார்.

"உன்கூடப் படிச்ச பொண்ணுதானே அது? நீ ஏன் பாப்பா இன்னும் கேப்டன் ஆகலை?"

அவருக்கு அந்த ஃபோன் ஞாபகமே இல்லைங்க!

அன்னிக்குக் கத்தவாவது முடிஞ்சுது. இப்ப ரெண்டு வேளை பிரஷர் மாத்திரை போடுற மனுஷன்கிட்ட என்னத்தைக் கத்த... பல்லைக் கடிச்சுக்கிட்டு, "ஆயிடுவேன்ப்பா"ன்னேன்.