நெல் அறையில் யேமா

இது நான் கேள்விப்பட்ட கதை இல்லை. பட்டப்பகலில், நர்ஸ் உடுப்போடு நின்று, என் காதாலேயே கேட்டது. சியரா லியோனில், கெனிமா நகரத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் கோலாஹுன் ஊரில். இருபது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். சாவு எனக்குப் புதிதல்ல.

யேமாவுக்கு ஏழு வயது. தகப்பன் இல்லாததால் தாயும் அவளும் பெரியப்பா லஹாய் வீட்டில் இருந்தார்கள். காய்ச்சலின் ஒன்பதாம் நாள் ஈறில் ரத்தம் கசிந்தது. பிறகு வலிப்பு. பெற்ற தாயையே யாரென்று கேட்டாள். எலியால் பரவும் லாசா காய்ச்சல், மூளைக்கு ஏறிவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். லஹாய் மறித்தான்.

"காய்ச்சலா? அம்மாவையே தெரியலைங்குது! இது சூனியக்காரி, நர்ஸம்மா. உங்க ஊசி இதுகிட்ட பலிக்காது."

தாய் அவன் காலைப் பிடித்துக் கதறினாள். அவன் கேட்கவில்லை. பிள்ளையை நெல் அறையில் போட்டுப் பூட்டினான். "பெரியப்பா, திறங்க..." என்று உள்ளே குழறிக்கொண்டே இருந்தாளாம். நான் ஊர்த்தலைவரை அழைத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. வலிப்பில் உதைத்து உதைத்து இரண்டு குதிகாலும் கிழிந்திருந்தன.

மூன்று மாதம் கழித்து லஹாய்க்குக் காய்ச்சல். நான் போனபோது மணி இரண்டு பத்து. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை.

"எத்தனை நாளா காய்ச்சல்?"

பதில் இல்லை. சத்தமாகக் கேட்டேன். திரும்பவே இல்லை. என் மேல் கோபம் என்று நினைத்தேன்.

அப்போது... டக். டக். டக்.

நெல் அறையிலிருந்து. தரையில் குதிகால் மோதும் சத்தம்.

லஹாயின் மனைவி ஜெனே ஓடி வந்து என் கையைப் பற்றினாள். "தினமும் இந்நேரம்தான், நர்ஸம்மா."

லஹாய் விருட்டென்று எழுந்து காதைப் பொத்தினான். "திறந்துட்டேன்டி... திறந்துதான் கிடக்கு... கூப்பிடாத..."

எட்டிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. தரையில் தவிடு மட்டும்... ஒவ்வொரு சத்தத்துக்கும் துள்ளியது.

"பெரியப்பா..."

குழறிய குரல்.

நானும் கேட்டேன்.

இரண்டு பதினாலுக்கு நின்றது. அதே நொடி, லஹாய்க்கு வலிப்பு.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான். காது மட்டும் அடியோடு போய்விட்டது. லாசாவில் அது நடப்பதுதான். எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று ஜெனேயிடம் டாக்டர் விசாரித்தார்.

"நர்ஸம்மா வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே போயிடுச்சு, டாக்டர். வாசல்ல மரம் முறிஞ்சு விழுந்தப்பகூட அசையலை..."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவ கூப்பிடுறது மட்டும் கேக்குதாம். இப்பவும்."