எட்டுச் சாரணர், எட்டு அம்மாமார்

சாரண ஆசிரியர் வேலை என்பது, ஊரார் பெற்ற பிள்ளைகளை வெயிலுக்கும் மழைக்கும் கூட்டிக்கொண்டு போய், பெற்றவர்களிடம் பேச்சு வாங்குவதற்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட சம்பளமில்லாத உத்தியோகம். பென்சன் எடுத்த பிறகும் பள்ளிக்கூடத்துப் பெடியளோடை மாரடிக்கிற என்னைப் போன்ற பாவப்பிறப்புகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் நம்பமாட்டார்கள். புத்தூரில் நான் எதைச் சொன்னாலும் பாதிதான் நம்புவார்கள். அதனால் நானும் எப்போதும் இரண்டு மடங்காகவே சொல்லிவிடுவது.

அதிபர் போட்ட நிபந்தனை

எங்கள் அதிபர் என்னிடம் கணக்குப் படித்தவர். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிய கையோடு என்னைக் கூப்பிட்டு, சாரணர் அறையைக் கணினி அறையாக்கப் போவதாகச் சொன்னார். காரணமும் வைத்திருந்தார். மார்கழிப் பாசறைக்குப் போகிற எங்கள் பெடியளை ஒவ்வொரு வருஷமும் அம்மாமார் இரண்டாம் நாளே வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். கேட்டால் நுளம்பு கடித்துவிட்டதாம். நுளம்பு என்னையுந்தான் கடித்தது. அதுவும் சும்மா நுளம்பில்லை, தூக்கிக்கொண்டு போகப் பார்த்த நுளம்பு. என்னைக் கூட்டிப்போக ஒருத்தரும் வரவில்லையே!

அந்த அறை போனால் கூடாரமும் கயிறும் தெருவுக்கு வந்துவிடும். பின்னேரங்களில் எனக்கும் போக்கிடம் இல்லை. வீட்டிலிருந்தால் மனுசி தேங்காய் திருவச் சொல்லுவா. கெஞ்சிப் பார்த்தேன். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “சரி மாஸ்ரர், இந்த முறை பாசறை முடியுமட்டும் எட்டுப் பெடியளும் அங்கை நிக்கவேணும். ஒருத்தன் இடையிலை வீட்டை போனாலும் அறையைப் பூட்டித் திறப்பை என்ரை மேசையிலை வைச்சிடவேணும்.”

வேலை கேட்டுப் போன வாரம்

பெடியளை வைரப்படுத்தத் தொடங்கினேன். வருஷத்தில் ஒரு வாரம் சாரணர்கள் வீடு வீடாகப் போய் ஏதாவது வேலை செய்துகொடுக்க வேண்டும். முற்றம் கூட்டலாம், விறகு அடுக்கலாம், கிணற்றடி தேய்க்கலாம். உடம்பு முறிய வேலை செய்தவன் கூடாரத்தில் படுக்க அழமாட்டான் என்பது என் கணக்கு.

எங்கள் ஊரை மறந்துபோனேன். படிக்கிற பிள்ளையின் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தால் அந்த வீட்டுக்காரரை ஊர் என்ன சொல்லும்? போன வீடெல்லாம் கதிரை போட்டு இருத்தி, எத்தனையாம் ஆண்டு, கணக்குக்கு எத்தனை புள்ளி என்று விசாரித்துவிட்டு, தேத்தண்ணியும் பலகாரமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வார முடிவில் எட்டுப் பேருக்கும் சாரணப் பட்டி பூட்ட முடியவில்லை. எல்லோரிலும் சின்னவனான கீர்த்தனனின் காற்சட்டைப் பொத்தான் தெறித்து என் நெற்றியில் பட்டது. தழும்பு இருக்கிறது, வந்தால் காட்டுவேன். பொறுக்கமாட்டாமல் அவன் கடைசியாகப் போன வீட்டுக்கே போய், என்ன வேலை செய்தான் என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா கையைப் பிசைந்தா: “வேலை ஒண்டும் செய்யேல்லை எண்டு பிள்ளையைப் பேசிப்போடாதேங்கோ மாஸ்ரர், பாவம், ஆறு கொழுக்கட்டை வடிவாய்ச் சாப்பிட்டது.”

திசைகாட்டி நடைப்பயணம்

சரி, நடக்க விடுவோம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து உடுப்பிட்டி வரைக்கும், வரைபடமும் திசைகாட்டியும் பார்த்து, கால்நடையாக. அணித் தலைவன் துவாரகனிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்து முன்னுக்கு அனுப்பிவிட்டு, நான் பின்னால் நடந்தேன். பங்குனி வெயில். தொப்பிக்குள் முட்டை வைத்திருந்தால் அவிந்திருக்கும். மரமில்லாத தரவை வெளிக்கு வரமுதலே என் நிழல்கூடக் களைத்துப்போய்ப் பின்தங்கிவிட்டது.

நாக்குத் தள்ளப் போய்ச் சேர்ந்தால், எட்டுப் பேரும் ஆலமர நிழலில் சோடா குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தனுக்கும் வேர்வை இல்லை. பக்கத்தில் வெங்காயம் ஏற்றிய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம். யாழ்ப்பாணத்து றோட்டில் எந்த லான்ட்மாஸ்ரரை மறித்தாலும் ஓட்டுகிறவர் யாராவது ஒருத்தனுக்கு மாமாதான். இவர் துவாரகனுக்கு. “திசைகாட்டி பார்த்து வரவேண்டிய பயணம் இது!” என்று நான் கத்த, மாமா இறங்கி வந்து எனக்கும் ஒரு சோடாவை நீட்டினார்: “உது என்னத்துக்கு மாஸ்ரர்? சந்தியிலை ஆரைக் கேட்டாலும் உடுப்பிட்டிக்கு வழி காட்டுவினமே.”

காட்டுச் சமையல்

ஆவணியில் பள்ளிக்கூட மைதானத்திலேயே ஒரு நாள் பயிற்சிப் பாசறை வைத்தேன். மூன்று கல்லு, சுள்ளி, ஒரு பானை, அவ்வளவுதான். அம்மாமார் படலையால் உள்ளே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். படலையால் ஒருத்தரும் வரவில்லை. பின்வேலியில் ஆள் நுழைகிற அளவுக்குப் பொட்டு இருந்ததை நான் யோசிக்கவில்லை.

சமையலுக்குப் புள்ளி போட மாவட்டத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்திருந்தார். துவாரகன் வாழையிலை விரித்து, ஆவி பறக்க இடியப்பமும் சொதியும் சம்பலும் பரிமாறினான். நான் வேலிப் பக்கம் பார்த்தேன். பொட்டுக்கு அந்தப் பக்கம் கீர்த்தனனின் அம்மா சாப்பாட்டுக் கரியரை மூடிக்கொண்டு நின்றா. மற்ற ஏழு அம்மாமாரும் அவவுக்குப் பின்னால். பெடியளைப் பாசறையிலிருந்து அள்ளிப்போகிற படைக்கும் அவதான் தளபதி.

பரிசோதகர் ஒரு இடியப்பத்தைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “இடியப்ப உரல் இல்லாமல் எப்பிடித் தம்பி பிழிஞ்சனீங்கள்?” என்றார். துவாரகன் கண் வெட்டாமல், “ஓட்டை போட்ட இலையாலை, சேர்” என்றான். பொய் சொல்வதில் என் வளர்ப்பு. பரிசோதகர் மூன்று இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார்: “மாஸ்ரர், உந்த இலை எந்த மரத்திலை முளைக்குது எண்டு என்ரை மனுசிக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ.”

மார்கழிப் பாசறை

தெல்லிப்பழைப் பக்கம் ஒரு பெரிய மைதானம். முதல்நாள் பின்னேரமே மாரி இறங்கியது. யாழ்ப்பாணத்து மழை முழுவதும் எங்கள் கூடாரத்தைத்தான் விசாரித்துக்கொண்டு வந்தது. விடிந்து பார்த்தால் கூடாரம் ஒரு பக்கம் படுத்திருந்தது. சப்பாத்துகள் தோணியாய் மிதந்தன. கீர்த்தனன் அழுதுவிடுவான் போலிருந்தான். “வீட்டை போகப்போறியோ?” என்றேன். “இல்லை, நிக்கப்போறன். ஆனா நனையுது” என்றான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வாடகை வான் வந்து நின்றது. எட்டு அம்மாமாரும் இறங்கினார்கள். நான் ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தேன். “பெடியள் சோக்காய் இருக்கிறாங்கள், ஒரு துளி படேல்லை” என்றேன். எனக்குப் பின்னால் ஒரு சப்பாத்து மிதந்து வந்தது. கீர்த்தனனின் அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “உதென்ன மாஸ்ரர், கூடாரமோ கோழிக்கூடோ?” என்றபடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே நடந்தா. என் அறைத் திறப்பு அதிபரின் மேசைக்கு நடப்பது போலிருந்தது.

மகனின் கையைப் பிடிப்பா என்று பார்த்தால், கயிற்றைப் பிடித்தா. “ஆரடா பள்ளத்திலை கட்டினது?” துவாரகன் என்னைக் காட்டினான். நான் மிதந்த சப்பாத்துகளைப் பொறுக்கப் போனேன். கூடாரத்தை மேட்டுக்கு மாற்றச் சொன்னா. ஒரு அம்மா முளை அடித்தா, ஒருத்தி தண்ணி ஓடச் சுற்றிவரக் கான் வெட்டுவித்தா, ஒருத்தி வானுக்குள் கிடந்த தறப்பாள் விரிப்பைக் கொண்டுவந்து மேலால் இழுத்துக் கட்டினா. பெடியள் சொன்னபடி ஓடினார்கள். நான் ஒரு வருஷமாய்ச் சொல்லிக்கொடுத்தது அரை மணியில் நடந்தது. “எங்கை பழகினனீங்கள்?” என்று கேட்டுவிட்டேன். “சண்டை நேரம் இடம்பெயர்ந்து கூடாரம் கூடாரமாய்த் திரிஞ்சனாங்களெல்லோ மாஸ்ரர்” என்று சொல்லிவிட்டுக் கீர்த்தனனின் அம்மா முடிச்சை இறுக்கினா. பிள்ளைகள் கூடாரத்தில் படுப்பதை இந்தப் பெண்கள் ஏன் பொறுக்கமாட்டார்கள் என்று அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது.

இரண்டாம் நாள் கதை தெரிந்த அதிபரும் காரில் வந்து இறங்கினார். அம்மாமாரைக் கண்டதும் முகத்தில் ஒரு கணினி அறை வெளிச்சம். “அப்ப, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகப்போறியள்?” என்றார். கீர்த்தனன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவ அவனை ஒருக்கால் பார்த்தா, தறப்பாளைப் பார்த்தா, ஈரக் கையைச் சேலையில் துடைத்தா: “இல்லை சேர். நாங்கள் வேறை வழியில்லாமல் படுத்தனாங்கள், இவன் ஆசைப்பட்டெல்லோ படுக்கிறான், படுக்கட்டும்.”

அறை எங்களுக்கே மிஞ்சியது. ஆனால் இப்போது அங்கே முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுப்பது கீர்த்தனனின் அம்மா, கயிற்றின் மற்ற நுனியைப் பேசாமல் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் சாரண ஆசிரியரின் உத்தியோகம்.