நுரையில் போட்ட சேலை

ராஜபாளையத்தில் அங்காளம்மாளைத் தெரியாதவர்களுக்குக்கூட அவள் வீட்டுக் கொடியைத் தெரியும். அந்தக் கொடியில் காயும் தலையணை உறையிலும் கைக்குட்டையிலும் நீலமும் சிவப்பும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சுழித்து ஓடும். கடையில் வாங்கியதா என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

புருஷன் மலைச்சாமி பட்டாளத்தில் இருந்தபோது, ஜபல்பூர் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி காட்டிக்கொடுத்த வித்தை அது. ஷேவிங் க்ரீமைப் பிரஷ்ஷால் அடித்து நுரையாக்கித் தாம்பாளத்தில் பரப்ப வேண்டும். மேலே மையைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஈர்க்குச்சியால் இழுத்துவிட வேண்டும். துணியைப் படுக்கவைத்து அமுக்கி எடுத்தால் வரைந்தது அத்தனையும் துணியில் ஏறியிருக்கும். ஒட்டிய நுரையைத் தோசைத்திருப்பியால் வழித்துவிடலாம். பாஷை தெரியாத ஊரில் பொழுது போகக் கற்றுக்கொண்டதை, மலைச்சாமி பென்ஷன் வாங்கித் தொண்ணூற்று மூன்றில் ஊர் திரும்பிய பிறகும் அவள் விடவில்லை.

அடுத்த வருஷம் மகள் செண்பகவல்லிக்குத் தேவதானத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மரியாதையான குடும்பம், கொஞ்சம் நிலம், பையன் போலீஸில். இதைக் கைநழுவ விடக்கூடாது என்று அங்காளம்மாள் தவியாய்த் தவித்தாள். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

"அத்த பட்டுச்சேலைய எரவல் கட்டிக்கிட்டு நிக்க மாட்டேன். நீயே ஒண்ணு போட்டுக் குடும்மா" என்று மகள் சொல்லிவிட்டாள். தாய்க்குத் தலைகால் புரியவில்லை.

சந்தன நிறத்தில் வாயில் சேலை ஒன்று வாங்கி, ஜபல்பூரிலிருந்து கொண்டுவந்த துணி மை தீர்ந்துபோயிருந்ததால் பேனா மையை நம்பி முந்தானையைப் போட்டாள். அலசியபோது மை முழுக்கச் சாக்கடையோடு போனது. அழுகையே வந்துவிட்டது. பிறகு, ஏறினால் இறங்காத துணி மை தளவாய்புரத்தில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, வாங்கி வந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். சேலை என்ன கைக்குட்டையா? தாம்பாளம் தாம்பாளமாக நுரை தின்றது. பட்டாளத்துக் கேண்டீனில் வாங்கி வைத்திருந்த டியூப்கள் ஒவ்வொன்றாகச் சப்பையாகின. கடைசி டியூப்பை மலைச்சாமியே எடுத்து நீட்டினார்.

"அப்ப உங்களுக்கு?"

"அடுத்து கேண்டீன் போறப்ப வாங்கிக்கிடுதேன். நீ போடு."

வெளிக்கடை க்ரீம் அவருக்கு ஆகாது. சலூன் கத்தியும் ஆகாது. பிடிவாதத்தில் மனிதர் இன்னும் பட்டாளத்தில்தான் இருந்தார். தினமும் கன்னம் பளபளக்கத் தெருவில் இறங்குகிறவர், தாடியும் தானுமாகப் பால் வாங்கப் போனார்.

தெரு அதைப் பார்த்தது. பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் முகத்தில் கத்தி வைக்க மாட்டான் என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போதாக்குறைக்கு, நாளெல்லாம் குனிந்து வேலை பார்த்த அங்காளம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடந்தாள். எதிர்வீட்டு வெள்ளத்தாய் ஒரு கிண்ணம் நார்த்தங்காய் ஊறுகாயோடு வந்து, "செத்த நேரம் படுங்கக்கா, இப்பிடி ஓடியாடித் திரியாதிய" என்றாள். என்ன பாசம் என்று அங்காளம்மாள் உருகிப்போனாள். ஊறுகாயும் நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் பையனின் தாய் இருளம்மாள் தனியாக வந்து நின்றாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"மதினி, சுத்தி வளைக்காமக் கேக்கேன். உங்களுக்கு இது எத்தன மாசம்?"

"எது மதினி?"

"எங்க ஊரு பஸ்ஸுல இதே பேச்சாக் கெடக்கு. மகளுக்கு மாப்பிள்ள பாக்கிற வயசுல இப்பிடியான்னு எங்க வீட்டுக்காரரு வேண்டாம்னுட்டாரு. நேர்ல கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்னுதான் வந்தேன்."

அந்த நேரம் பார்த்துத் தாடியைச் சொறிந்துகொண்டு மலைச்சாமி உள்ளே வந்தார். இருளம்மாள் அவரையும் பார்த்தாள், அங்காளம்மாளின் இடுப்பையும் பார்த்தாள். நார்த்தங்காய் எதற்கு வந்தது என்று அங்காளம்மாளுக்கு இப்போது விளங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வெள்ளத்தாயை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் சம்பந்தம் கைவிட்டுப் போகிற நேரத்தில் கோபத்துக்கு ஏது இடம்? உள்ளே போய்ச் சேலையைக் கொண்டுவந்து இருளம்மாள் மடியில் விரித்தாள். சப்பையான டியூப்களை அள்ளி வந்து பக்கத்தில் போட்டாள்.

"இதுக்குத்தான் அவிய தாடி. இருந்த க்ரீமு அம்புட்டையும் நான் சேலைக்குக் காலி பண்ணிட்டேன்."

இருளம்மாள் நம்பவில்லை. முந்தானையை மூக்கருகே கொண்டுபோனாள். அலசிய பிறகும் ஷேவிங் க்ரீம் வாசம் கம்மென்று அடித்தது.

"நெசமாவா அண்ணே?"

மலைச்சாமி கூச்சத்தோடு தலையை ஆட்டினார்.

இருளம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சேலையை மெல்லத் தடவினாள்.

"எங்க வீட்டு மனுசன் அவரு ஷேவிங் செட்டத் தொடக்கூட விட்டதில்ல மதினி" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இப்பிடியாப்பட்ட வீட்டுல வளந்த பொண்ணுதான் எம் மகனுக்கு வேணும். அவருகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

அங்காளம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறைக்காமல் அழுதாள்.

வாசலில் இறங்கிய இருளம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, நாளைக்கு வாரவங்க ஒவ்வொருத்தருக்கும் இந்தக் கதையச் சொல்லிக்கிட்டிருக்க என்னால ஆகாது. இன்னைக்கே சலூனுக்குப் போயிட்டு வந்துருங்க."

மலைச்சாமி மறுபேச்சுப் பேசாமல் சட்டையை மாட்டினார்.