உரிந்த சிவப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை மெயின் பஜாரில், ஒரு கையில் காய்கறிப் பையோடு, யாரோ ஒருவருடைய சிவப்புக் காரின் பானெட்டைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டிக்கொண்டிருக்கிறார் குஞ்சிதபாதம். டீக்கடையிலிருந்து கார்க்காரர் ஓடிவருகிறார். "யோவ், என்னாய்யா பண்ற?" குஞ்சிதபாதம் பதறுவதில்லை. "ஒண்ணும் இல்லீங்க. பெயிண்ட் உரியுதான்னு பாத்துகினு இருக்கேன். உரியல" என்கிறார். அந்த 'உரியல'வில் இழவு வீட்டுக் குரல் இருக்கும். அடுத்த சிவப்புக் காரை நோக்கி நடப்பார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்கு அடுத்த குவார்ட்டர்ஸ் அவருடையது. ஐம்பத்தேழு வயது. மைன்ஸில் பெல்ட் செக்‌ஷன், பர்மனென்ட். நிலக்கரி ஓடும் பெல்ட் கிழிந்தால் எங்கே கிழிந்தது, எப்போது கிழிந்தது, முதலில் பார்த்தவர் யார் என்று ரிப்போர்ட் எழுதுவது அவர் வேலை. வீட்டிலும் அப்படித்தான். குக்கர் கேஸ்கெட் போனபோது மனைவி ராஜாம்பாளை உட்காரவைத்து, "கடைசியா எத்தினி விசில் வரிக்கும் நல்லா இருந்துது?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அன்று சோறு வெந்தது மூன்று மணிக்கு.

தானே புயலுக்கு அடுத்த வருஷம், தை மாதத்தில் குஞ்சிதபாதமும் ஒரு கார் வாங்கினார். என்ன நிறம் என்று வீட்டில் பெரிய விவாதம். மகள் எழில்மதி வெள்ளை கேட்டாள். "மைன்ஸ்ல பாக்குறதெல்லாம் கறுப்பு, இல்லாட்டி பழுப்பு. வாசல்லியாவது ஒரு செவப்பு நிக்கட்டும்" என்று முடித்துவிட்டார். சர்வீஸ் தேதி வந்தால் லீவு போட்டுவிட்டு கடலூர் ஷோரூமுக்குப் போவார். வெளியே ஒரு மெக்கானிக்கை அந்தக் காரின் காற்றைக்கூடத் தொட விட்டதில்லை.

மூன்று வருட வாரண்டி முடிந்து ஏழாவது மாதம், மேற்கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறல் கண்டது. தேமல் போலத்தான் ஆரம்பித்தது. பிறகு மேல் பூச்சு வெங்காயச் சருகாகச் சுருண்டு எழுந்தது. துணியால் துடைத்தால் துணியோடு வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் பானெட்டிலும் இறங்கி, வண்டி மொத்தத்தில் கருவாடு உலர்த்திய தகரம் மாதிரி ஆகிவிட்டது.

ஷோரூமுக்கு என்னையும் சாட்சியாகக் கூட்டிப்போனார். மேனேஜர் அறிவழகன் இளைஞர்; கழுத்துப் பட்டையைத் தடவியபடி காரைச் சுற்றிவந்தார். "வாரண்டி முடிஞ்சி பதினோரு மாசம் ஆச்சு சார். அதுவும் இல்லாம, இது நெய்வேலி காத்து. வண்டி மேல தப்பில்ல."

குஞ்சிதபாதம் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தக் காத்துலதான் இருவத்தெட்டு வருசமா நின்னுகினு இருக்கேன். எங்கியாவது தோல் உரிஞ்சிருக்கா, பாருங்க. நல்லாப் பாருங்க."

மேனேஜர் உண்மையாகவே பார்த்தார். "இல்ல சார்" என்றார்.

"எங்க வூட்ல ஒரு ஸ்கூட்டர் நிக்குது. இருவது வருசம் ஆவுது. அதே வாசல், அதே காத்து. அது உரியல."

"அது அந்தக் காலத்து பெயிண்ட் சார்" என்றார் மேனேஜர், பெருமையாக. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிவதற்குள் குஞ்சிதபாதம் அதைத் தேதியோடு எழுதிக்கொண்டுவிட்டார்.

அன்றைக்குப் பிறகு அவர் காரைக் கழுவவில்லை. மந்தாரக்குப்பத்தில் ஒரு டிங்கரிங் கடைக்காரர் நான்கே நாளில் புதுசாக்கித் தருவதாகச் சொன்னார். ராஜாம்பாள் கெஞ்சினார். "ஏங்க, பொண்ணு பாக்க வர்றாங்க. வாசல்ல இது நிக்கிற கோலத்தப் பாத்தா என்னா நெனைப்பாங்க?"

"தடயத்த அழிக்கச் சொல்றியா?" என்றார் குஞ்சிதபாதம்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று ராஜாம்பாள் விடிந்ததும் புது ஜமுக்காளம் ஒன்றைக் கார்மேல் போர்த்திவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா காரியக்காரர்; வந்ததும் ஜமுக்காளத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாங்க, வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?" என்றார். ராஜாம்பாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குஞ்சிதபாதத்துக்கோ முகமெல்லாம் வெளிச்சம். ஜமுக்காளத்தை உருவி எறிந்தார். எந்த இடத்தில் தொடங்கியது, எப்படிப் பரவியது என்று முக்கால் மணி நேரம் சம்பந்தியைக் காரைச் சுற்றிச் சுற்றி நடத்தினார். அந்த நேரத்தில் பெண்ணும் பிள்ளையும் யாரும் கேட்காமல், எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். அந்த ஆனியில் கல்யாணம் ஆயிற்று. அடுத்தவர் காரை நகத்தால் சுரண்டும் பழக்கமும் அந்த நாட்களில்தான் தொற்றியது.

தன்னுடையது மட்டும் உரிந்தால் அது காற்று, பல வண்டிகள் உரிந்தால் அது பெயிண்ட். இதுதான் அவருடைய தர்க்கம். மூன்று மாதம் தேடியதில் அதே மாடல், அதே சிவப்பு, அதேபோல் உரிந்தவை இரண்டு கிடைத்தன. பானெட்டைத் திறந்து உள்ளே இருந்த, தயாரிப்பு மாதம் பொறித்த தகட்டைப் பார்த்தால், மூன்றும் ஒரே மாதம் தயாரானவை. அன்று அவர் ஆடிய குதியாட்டத்தைப் பார்த்தவர்கள் பேரன் பிறந்துவிட்டான் என்று நினைத்தார்கள்.

ஒன்று சுப்புலட்சுமி டீச்சருடையது. அவர் உரிந்த இடத்தில் பெரிய சூரியகாந்தி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். "அத எடுத்துடுங்க டீச்சர், கேஸ் கெட்டுடும்" என்று குஞ்சிதபாதமே வெந்நீர் ஊற்றி உரித்தார். மற்றது பக்கத்து ஊரான வடக்குத்துச் சின்னதுரையுடையது. மைன்ஸில் பன்னிரண்டு வருடம் கான்ட்ராக்ட் வேலை பார்த்துவிட்டு, இரண்டாம் கையாக அந்தக் காரை வாங்கி டாக்ஸி ஓட்டுபவர். கான்ட்ராக்ட் ஆளிடம் 'ஏம்பா, அத எடு' என்பதற்கு மேல் தன் சர்வீஸில் பேசியறியாத குஞ்சிதபாதம், அவர் வீட்டு வாசலில் நின்று 'வாங்க, போங்க' என்றார்.

சின்னதுரைக்கு ஆர்வமில்லை. "வண்டி ஓடுதா இல்லியா, அதான சார் முக்கியம்?"

"அப்பிடி வுடக் கூடாதுங்க. மூணு பேரும் ஒண்ணா நிப்போம். கெடச்சா மூணு பேருக்கும் கெடைக்கணும். நான் சொல்றேன்."

படங்கள், தகட்டு எண்கள், ஸ்கூட்டரைப் பற்றிய மேனேஜரின் வாக்குமூலம் எல்லாம் சேர்ந்த முப்பத்தோரு பக்க ரிப்போர்ட் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போனது. 'முதலில் பார்த்தவர்' என்ற இடத்தில், 'மனைவி. தேதி நினைவில்லை என்கிறார்' என்று எழுதியிருந்தார். பதில் இல்லை. மறுபடி அனுப்பினார். ஐந்தாவது தடவை கம்பெனியிலிருந்து ஒருவர், பூச்சின் கனத்தை அளக்கும் சின்னக் கருவியோடு வந்தார். சின்னதுரை ஒரு திருப்பதி சவாரியை விட்டுவிட்டு வந்து காத்திருந்தார். வந்தவர் மூன்று கார்களின் நெற்றியிலும் கருவியை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து டீச்சருக்கும் சின்னதுரைக்கும் 'வருந்துகிறோம்' என்று கடிதம் வந்தது. காரணம், டீச்சர் காரை வெளியே சர்வீஸ் விட்டவர். சின்னதுரை இரண்டாவது உரிமையாளர். சின்னதுரை கடிதத்தை மடித்து டேஷ்போர்டில் போட்டார். "நான் எங்க போனாலும் கான்ட்ராக்ட்டுதான் சார்" என்று சிரித்தார். குஞ்சிதபாதம் சிரிக்கவில்லை. அன்று மாலை எங்கள் வீட்டில் கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுவாரம் அவருக்கு மட்டும் ஷோரூமிலிருந்து அழைப்பு. நானும் போனேன். கூரையும் பானெட்டும் இலவசமாகப் பெயிண்ட் அடித்துத் தருவார்களாம். வாரண்டிப்படி அல்ல, நல்லெண்ணத்தினாலாம். நல்லெண்ணத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. இந்தச் சலுகையைப் பற்றி எழுத்தாலோ பேச்சாலோ எவருக்கும் தெரிவிக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"மத்த ரெண்டு வண்டி?" என்றார்.

"சார், உங்களுக்கு வேணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

காகிதத்தைக் கையில் வாங்கினார். மூன்று முறை படித்தார். 'எழுத்தாலோ பேச்சாலோ' என்ற இடத்தில் விரல் நின்று, நகர்ந்து, மறுபடி திரும்பி வந்து நின்றது. பிறகு பேனா கேட்டுக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தோரு பக்கம் எழுதிய மனிதர் ஒரு வரிக்கு மசிந்துவிட்டாரே என்று எனக்கு வாய் கசந்தது. காரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிய பஸ்ஸில் நான் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பத்தாம் நாள் கார் வந்தது. ராஜாம்பாள் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஹாரன் அடித்து என்னை ஏற்றிக்கொண்டு, குஞ்சிதபாதம் நேரே மெயின் பஜார் டாக்ஸி ஸ்டாண்டுக்கு விட்டார். எத்தனையோ இடம் காலியாக இருந்தும், மர நிழலில் நின்ற சின்னதுரையின் காருக்குப் பக்கத்தில், கதவோடு கதவு இடிக்காத குறையாக நிறுத்தினார்.

நாலைந்து டிரைவர்கள் கூடிவிட்டார்கள். "சார், எங்க அடிச்சீங்க? எவ்ளோ ஆச்சு?" குஞ்சிதபாதம் வாயில் தண்ணீர் வைத்திருப்பவர்போல் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்.

சின்னதுரை டீ கிளாஸோடு வந்தார். பளபளக்கும் கூரையைப் பார்த்தார். தன் வண்டியின் கூரையைப் பார்த்தார். "கம்பெனிக்காரனே அடிச்சிக் குடுத்துட்டானா சார்? ஷோரூம்லியா?"

குஞ்சிதபாதம் மரத்தைப் பார்த்தார்.

சின்னதுரை அவருடைய இறுக்கிய உதட்டைப் பார்த்தார். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, இரண்டு கூரைகளும் ஒரே படத்தில் விழும்படி நாலடி பின்னால் போனார்.

குஞ்சிதபாதம் சட்டென்று காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார். கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கார் மர நிழலிலிருந்து ஓரடி முன்னால் வந்து, நல்ல வெயிலில் நின்றது. என்ஜினை அணைத்துவிட்டு, படம் எடுத்து முடியும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.