அடியின் பெயரைச் சொல்லிவிட்டு அடிப்பவர்கள்

என் நாட்குறிப்பில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு எதிரே ‘வழக்கம்போல்’ என்று மட்டும் இருக்கிறது. அது பொய். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

ஒரகடத்தில் கார் கதவுகளுக்குத் தகடு அழுத்தும் ஆலையில் எனக்கு டை மாற்றும் வேலை. டை என்பது தகட்டுக்கு உருவம் கொடுக்கும் இரும்பு அச்சு. அதன் கீழ்ப்பாதி அசையாமல் கிடக்கும். மேல்பாதி, கட்டில் அளவு கனத்த இரும்பு, பிரஸ் என்ற அழுத்து இயந்திரத்தோடு இறங்கி வந்து அழுத்தும். நடுவில் கை விடுவதற்கு முன் பிரஸ்ஸை இயக்கும் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட வேண்டும். மேல்பாதி இறங்காதபடி முட்டுக்கட்டை வைக்க வேண்டும். இரண்டையும் விரலால் சுட்டிக்காட்டிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் ‘வெளியே’ என்று குரல் கொடுக்க வேண்டும். பிரஸ்ஸை இறக்கும் பொத்தானுக்கு அருகில் நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த முறை இது. ஜப்பானியர்கள் பார்வையிட வரும் நாளில் கூடமே அதிரும். மற்ற நாட்களில் உதடு மட்டும் அசையும். ஐம்பது வயதில் விரலை நீட்டிக் கத்துவதற்கு எனக்கும் கூச்சம்தான்.

அன்றைக்கு எல்லாவற்றையும் முடித்து, கட்டையை எடுத்துவிட்டு, சாவியையும் கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் கீழ் டையில் நகம் அளவு ஒரு தகட்டுத் துண்டு கிடப்பதைப் பார்த்தேன். கொக்கியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தோள் வரை கையை உள்ளே விட்டேன். பொத்தானில் நின்றவர் வாலாஜாபாத்திலிருந்து வருகிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், கவனமான ஆள். நான் நகர்ந்துவிட்டதாக நினைத்து இறக்கினார். முதலில் நிழல்தான் வந்தது. சத்தமே இல்லை. கையை உருவிக்கொண்டேன். கொக்கி தகடாகிவிட்டது. அதைப் பழைய இரும்புத் தொட்டியில் போட்டேன். இருவரும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம்.

அதற்குப் பிறகு நான் டைக்குள் கை விடவில்லை. முட்டி வலி என்றேன், கண்ணில் தூசி என்றேன், மற்றவர்கள் செய்தார்கள். எத்தனை நாள் செய்வார்கள்? கை விட முடியாத டை மாற்றுகிறவனை ஆலை என்ன செய்யும்? படப்பையில் வீட்டுப் பீரோவுக்கு அடியில் பேனா உருண்டு போனபோது எடுக்கக் குனிந்தேன். கை போகவில்லை. துடைப்பத்தால் தள்ளி எடுத்தேன்.

அந்த வாரம் எனக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் இரண்டாவது ஷிஃப்ட். அவள் ஸ்ரீபெரும்புதூரில் போன் பொருத்தும் ஆலையில் இருக்கிறாள். காலையில் பத்தரைக்கு உட்கார்ந்து ஒரு ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர் பார்ப்பாள். பலாப்பழ முள் போலத் தலைமயிர் வைத்த ஒருவன், ஒரே எட்டில் மலையுச்சிக்குத் தாவி, அந்தரத்தில் நின்றபடி, தான் அடிக்கப்போகும் அடியின் பெயரைச் சொல்வான். பெயரே ஒரு வாக்கியம் நீளம். பிறகு அது எப்படி வேலை செய்யும் என்று விளக்குவான். எதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். பின்னால் இடி, மின்னல், கோரஸ் பாட்டு. அப்புறம்தான் குத்து.

கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். ஒரு குத்து இறங்க நான்கு நிமிடம் பத்து வினாடி. எனக்குக் கிடைத்தது ஒரு வினாடி இருக்குமா என்று தெரியவில்லை. மறுநாளும் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாள் அவள் கூப்பிடுவதற்கு முன்பே உட்கார்ந்தேன். அவள் சிரிப்பதற்காகப் பார்த்தாள். நான் அந்த நான்கு நிமிடத்துக்காகப் பார்த்தேன். அங்கே எதுவும் சொல்லாமல் தலைமேல் இறங்காது.

இப்படி முன்கூட்டியே சொன்னால் எதிரி தப்பிக்க மாட்டானா என்று கேட்டேன்.

“லாஜிக்லாம் பாக்காதப்பா” என்றாள், முறுக்கைக் கடித்தபடி. “சொல்லாம கொள்ளாம அடிச்சா அது ஆக்சிடென்ட்டு. இது ஃபைட்டு.”

அவளுக்குச் செவ்வாய்க்கிழமை பற்றி எதுவும் தெரியாது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

வெள்ளியன்று தட்டிக்கழிக்க வழியில்லை. என்னோடு டை மாற்றுகிறவர் விடுப்பு. பொத்தானில் அதே வாலாஜாபாத்காரர். சாவியை எடுத்தேன், கட்டையை வைத்தேன். விரலை நீட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: “சாவி என் கையில்! கட்டை வைத்தாயிற்று! உள்ளே போகிறேன்!”

அடுத்த லைனில் நான்கைந்து தலைகள் திரும்பின. “இன்னாண்ணா, ஜப்பான்காரன் வந்துகீறானா?” என்று ஒருவர் கேட்க, சிரிப்பு பரவியது. பொத்தானில் நின்றவர் மட்டும் சிரிக்கவில்லை. நான் சொன்னதை வார்த்தை பிசகாமல் திருப்பிக் கத்தினார்.

கை உள்ளே போனது. மேலே தொங்கிய இரும்பைப் பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு போல்ட்டை மரையில் பிடிக்க மூன்று முறை ஆயிற்று. முதுகெல்லாம் வியர்வை. முடித்து, கையை வெளியே எடுத்து, ஐந்து விரலையும் பார்த்தேன். கட்டையை எடுத்தேன். “வெளியே!” என்று கத்திவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

அவர் சாவியைப் போட்டார், திருப்பினார். விரல் பொத்தானுக்கு மேலே நின்றுவிட்டது.

“இன்னொருவாட்டி சொல்லுண்ணா” என்றார்.

அவருக்குக் கேட்டிருந்தது என்று எனக்குத் தெரியும். தரையிலிருந்த மஞ்சள் பாதுகாப்புக் கோட்டுக்குப் பின்னால் இன்னும் இரண்டடி தள்ளி நின்று, இன்னொரு முறை சொன்னேன்.