சட்னி டப்பாவில் பல்லோடு விழுப்புரம் போய்வந்தது

இந்தப் பயணத்தின் மிக முக்கியமான முடிவு திண்டிவனத்தில், எங்கள் வீட்டுச் சமையலறையில், காலை ஐந்தே முக்காலுக்கு எடுக்கப்பட்டது. திரும்பி வரும்போது என் பல்செட்டை எதில் வைத்துக் கொண்டுவருவது? மூக்குக்கண்ணாடிக் கூடு, மூடி இறுகும் எவர்சில்வர் சட்னி டப்பா என்று இருவர் களத்தில் இருந்தார்கள். கூட்டுக்குள் வெல்வெட் உண்டு. டப்பாவுக்குள் பூண்டு வாசனை உண்டு. ஆனால் பல்செட்டைத் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். வெல்வெட் தண்ணீரைத் தாங்காது. இரு தரப்பையும் தீர விசாரித்து டப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். இந்த நிதானத்தில் பாதியைக்கூட, தாடையில் எலும்பு வைக்கச் சம்மதித்த அன்று நான் காட்டவில்லை.

பனமலை ஏரிக்கரை பற்றிப் போனமுறை எழுதியதைப் படித்தவர்கள் அடுத்து ஏதாவது மலையையோ கோவிலையோ எதிர்பார்த்திருப்பீர்கள். இது பல் டாக்டரிடம் போய்வந்த கதை. என்னைப்போல் வருஷக்கணக்காகப் பல்செட் போட்டுக்கொண்டு, இப்போது நிலையான பல் கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நாற்பத்து மூன்று வயதில் ஈறு நோயில் என் மேல்வரிசைப் பற்கள் முழுவதும் போயின. அன்று மாட்டிய பல்செட் பத்தொன்பது வருஷம் ஓடியது. கொஞ்ச காலமாக அதற்கு என்னிடம் ஒட்டுதல் குறைந்துவிட்டது. தும்மினால் இடம் மாறியது. மயிலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் வடையைக் கடித்தேன். வடையோடு பல்லும் கைக்கு வந்தது. எதிர்வரிசையில் இருந்த சம்பந்தி வீட்டார் நாகரிகமானவர்கள், சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஸ்கேன் எடுத்துக் காட்டினார். பல்லின் வேர் இருக்கும்வரைதான் தாடை எலும்புக்கு வேலை. வேர் போனால் அது கரையத் தொடங்கும். மேலே பல்செட்டும் உட்கார்ந்து அமுக்கினால் இன்னும் வேகமாகக் கரையும். என் மேல்தாடையின் முன்பக்கம் கத்தி முனை மாதிரி மெலிந்திருந்தது. பல்லைத் தாங்கும் திருகாணி இறங்க அங்கே இடமில்லை. ஆகவே முதலில் எலும்பு வைத்துத் தடிமனாக்க வேண்டும். அது பிடிக்க ஆறு மாதம் போல ஆகும். அதன் பிறகுதான் திருகாணி. வைத்தது பிடிக்காவிட்டால் என்று கேட்டேன். மறுபடி செய்வது இதைவிடச் சிரமம், அதற்குள் பல்செட்டும் நிற்காத நிலை வந்துவிடலாம் என்றார். மீதி வாழ்க்கை கூழோடு என்பதை டாக்டர்கள் இவ்வளவு மென்மையாகச் சொல்வார்கள்.

எந்த எலும்பு என்பதில் தேர்வு இருந்தது. மாட்டெலும்பிலிருந்து பதப்படுத்திய தூள், இறந்தவர்கள் தானமாகக் கொடுத்தது, செயற்கையாகச் செய்தது, இல்லையென்றால் என் கீழ்த்தாடையின் பின்பக்கமிருந்தே கொஞ்சம் சுரண்டி எடுப்பது. வீட்டுக்கு வந்து மனைவி சாந்தாவிடம் சொன்னேன். அவள் விவசாயக் குடும்பம். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் காலைத் தொட்டுக் கும்பிடுகிறவள். முதலாவதை விசாரணையின்றித் தள்ளினாள். இரண்டாவதற்கு, "யாரோ இன்னாரோ, உங்க வாயில வந்து குந்திக்கினு இன்னா பேசுவாங்களோ" என்றாள். சொந்த எலும்பும் கொஞ்சம் செயற்கைத் தூளும் என்று முடிவாயிற்று. இதனால் ஒரு காயத்துக்குப் பதில் இரண்டு காயம். பயமும் அதே விகிதத்தில் கூடியது.

இனிப் பயணம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஆளுக்கு முப்பது ரூபாய் டிக்கெட். ஆறரை மணி பஸ்ஸில் ஏறி ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ரயிலும் உண்டு. ஆனால் ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். திரும்பும்போது நான் யாருக்கும் எதிரில் உட்காரும் நிலையில் இருக்கமாட்டேன் என்று தெரியும். உண்மையில் என் பயத்தில் பெரிய பங்கு கத்திக்கு இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது இரண்டு வாரம் பல்செட்டை மாட்டக்கூடாது. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் பல்லில்லாத என் முகத்தைச் சாந்தா பார்த்ததில்லை. கழுவும்போது குளியலறைத் தாழ்ப்பாள் போட்டிருக்கும். தூங்கும்போது பல் வாயில் இருக்கும்.

கூட்டேரிப்பட்டு வந்ததும் சாந்தா மயிலம் கோவில் இருக்கும் திசைக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். என்ன வேண்டுதல் என்றேன். நல்லபடியாக முடிந்தால் மொட்டை என்றாள். யாருக்கு என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள். பல் போன முகத்தில் முடியும் இல்லாமல் எப்படி இருக்கும் என்று விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரை யோசித்தேன். அங்கே வண்டிகள் வரிசையில் நின்றன. இந்த ஒரு நாளாவது வரிசை நகராமல் இருக்கட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். ஜல்தியாக விட்டுவிட்டார்கள்.

விழுப்புரம் பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டுநர் விவரம் கேட்டுக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

"எங்க மாமனாரு கூடப் பண்ணிக்கினாரு சார். ஒண்ணியும் ஆவாது. மூணு நாளு மூஞ்சி பூசணிக்கா மாரி இருந்துச்சி, அவ்ளோதான்."

"இப்ப நல்லா சாப்பிடறாரா?"

"அவரு போய்ச் சேந்துட்டாரு சார். அது வேற, ஆர்ட்டு அட்டாக்கு."

எண்பதுக்கு மேல் பத்து ரூபாய் கொடுத்து இறங்கிக்கொண்டேன்.

உள்ளே சர்க்கரை பார்த்தார்கள், ரத்தக்கொதிப்பு பார்த்தார்கள். இரண்டாவது கூடுதலாக இருந்ததால் கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார்கள். பிறகு டாக்டரம்மா எங்கள் இருவரையும் அழைத்து, என்ன செய்யக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்போது ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ராத்திரி பல்செட்டைக் கழட்டி வெச்சிடுவீங்கன்னு போன தடவை சொன்னீங்க இல்ல சார்?"

ஆமாம் என்றேன்.

"எலும்பு அப்படிச் சொல்லலையே சார்."

நான் பதில் தயாரிப்பதற்குள் சாந்தா முந்திக்கொண்டாள்.

"அவரு எங்க டாக்டர் கழட்றாரு? தூங்குனா வாயப் பொளந்துக்குவாரு. மேல் செட்டு கழண்டு நாக்கு மேல வந்து நிக்கும். முழுங்கிட்டா இன்னா பண்றது? நாந்தான் கட்ட விரல வுட்டு மேல அமுக்கி வுடுவேன்."

"தினமுமா அம்மா?"

"ஒரு ராத்திரிக்கு ரெண்டு வாட்டி, மூணு வாட்டி. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா கூச்சப்படுவாரு."

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் கீழே வைத்தார். பிறகு, அதை வெளியே எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டிருந்தால் இந்த எலும்பு இன்னும் சில வருஷம் இருந்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். நான் என் முகத்தைச் சாந்தாவிடமிருந்து மறைக்கப் பல்லோடு தூங்கினேன். என் மறைப்பு கலைந்தது எனக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று அவள் அதைத் திரும்பத் திரும்ப மாட்டிவிட்டாள். தாடை இரண்டு பேருக்கும் நடுவில் தேய்ந்தது.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம். ஊசியில் மரத்துப்போகும், தூங்கவைக்க மாட்டார்கள். வலி இல்லை. ஓசை உண்டு. கீழ்த்தாடையில் எலும்பைச் சுரண்டியபோது தேங்காய் துருவுகிற சத்தம் காதுக்குள்ளிருந்தே வந்தது. துருவியதை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுத் தூளோடு கலந்தார்கள்; கண்ணைத் திறந்திருந்ததால் பார்த்தேன், மூடியிருக்கலாம். அதை மேல்தாடையில் வைத்து, மேலே மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தி ஈறைத் தைத்தார்கள். அவ்வளவு நேரமும் நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்ததாகவும், விரல்களைப் பிரித்து எடுக்க நர்ஸ் உதவியதாகவும் பிறகு சொன்னார்கள்.

பல்செட் டப்பாவில், பஞ்சு வாயில், துண்டு முகத்தில் என்று பஸ் ஏறினேன். நடத்துனர் எங்கே போகணும் என்று என்னைக் கேட்டார். சாந்தா பதில் சொன்னாள். வாய் பேசமாட்டாரா என்று அவளிடம் கேட்டார். "இப்பத்திக்கு இல்ல" என்றாள். விக்கிரவாண்டியில் ஒருவர் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்க ஏறினார். சாந்தா ஒரு பொட்டலம் வாங்கி, உரித்து உரித்து, திண்டிவனம் வரை தின்றாள். கூட்டேரிப்பட்டு தாண்டியபோது காற்றில் துண்டு விலகியது. அவள் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "வாய மூடிக்குங்க, காத்து பூரப்போவுது" என்று துண்டை இழுத்துவிட்டு, அடுத்த மல்லாட்டையை உரித்தாள்.

முகம் பூசணிக்காயானது உண்மைதான். ஆட்டோ ஓட்டுநர் சொன்னபடியே மூன்றாம் நாள் வடியத் தொடங்கியது. நாலாம் நாள் விடியற்காலையில் வாய்க்குள் ஒரு வலி, உப்புச் சுவை. விழித்தால் சாந்தா பக்கத்தில் எழுந்து உட்கார்ந்து தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலில் ரத்தம். அரைத் தூக்கத்தில், என் வாய் திறந்திருப்பதைப் பார்த்து, எப்போதும் அமுக்குகிற இடத்தில் அமுக்கியிருக்கிறாள். அங்கே பல்செட் இல்லை, தையல் இருந்தது.

"நான் தூக்கத்துல பண்ட்டேங்க" என்றாள். அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கும் வரவில்லை, பல் இல்லை.

அதே பஸ், அதே முப்பது ரூபாய். இந்தமுறை கூட்டேரிப்பட்டில் அவள் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள்; கை கீழே இறங்கவில்லை. மல்லாட்டைக்காரர் வந்தார், வாங்கவில்லை. இரண்டு தையல் பிரிந்திருந்தது, தூளில் கொஞ்சம் போயிருந்தது. டாக்டரம்மா சுத்தம் செய்து மறுபடி தைத்தார். பிடிக்குமா என்று சாந்தாதான் கேட்டாள். ஆறு மாதம் கழித்து ஸ்கேன்தான் சொல்ல வேண்டும் என்றார். அந்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் யாரும் தேங்காய் துருவவில்லை.

போன வாரம் ஸ்கேன் எடுத்தோம். ஒரு பக்கம் எதிர்பார்த்ததைவிட மெலிவு. ஆனால் எலும்பு பிடித்திருக்கிறது. திருகாணிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மயிலத்தில் மொட்டையும் ஆயிற்று.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுப் போங்கள். பீடி, சிகரெட் இருந்தால் முன்பே விடுங்கள், எலும்பு பிடிக்காமல் போக அது போதும். சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். காலை பஸ்ஸில் போனால் மத்தியானத்துக்குள் திரும்பலாம். ஜன்னலோரம் வேண்டாம். கேப்பைக் கூழை ஆறவைத்து, வெங்காயம் போடாமல் குடியுங்கள். உறிஞ்சுகுழாய் கூடாது, உறிஞ்சுகிற இழுப்பில் தையலுக்கு ஆபத்து. டப்பாவில் தண்ணீர் ஊற்றி எடுத்துப்போங்கள். இன்னும் பல்செட் போடுகிறவர்கள் இன்றைக்கே இரவு கழற்றி வைக்கத் தொடங்குங்கள், யார் பார்த்தாலும். ஆபரேஷன் ஆனவர்கள் தையல் பிரிக்கும்வரை தனியாகப் படுப்பது நல்லது.

தையல் பிரிந்த அன்றிலிருந்து சாந்தா கூடத்தில் படுத்துக்கொள்கிறாள். ராத்திரிக்கு இரண்டு மூன்று தடவை எழுந்தவள், இப்போது காலை ஏழு மணி வரை எழுந்திருப்பதில்லை.