ஆஷாடத்துக்குள் ஓர் ஆனி

மைசூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பதினெட்டு வருஷமாக மேனேஜர் சேகரன். பக்கத்திலேயே முதலாளி இன்னொரு மண்டபம் கட்டினார். அது யார் பொறுப்பு என்பதை, கன்னடக்காரர்கள் கல்யாணம் வைக்காத ஆஷாட மாசம் முடிந்ததும் சொல்வதாக இருந்தார். தனக்குத்தான் என்று சேகரன் தெருவெல்லாம் சொல்லியாயிற்று. அப்போதுதான் மனிஷா வேலைக்குச் சேர்ந்தாள்.

எம்பிஏ படித்தவள். வீட்டில் தமிழ்தான், வாயில் வருவது பாதி கன்னடம். மேடை அலங்காரத்தை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். எந்த ஊர்க்காரர் எந்தத் தேதிக்கு மண்டபம் கேட்டார் என்று கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பாள். அவள் மேஜைக்கே போய் நின்று பேசுவார் முதலாளி. சேகரனுக்கு வயிறு எரிந்தது. அவர் மேஜைக்கு முதலாளி வந்ததெல்லாம் ஃபேன் ஓடாதபோதுதான்.

ஒருநாள் மனிஷா வந்து கேட்டாள்: “நோடி சார், பாருங்க, ஆஷாடத்துல ஹால் காலி. ஆனா அந்தத் தேதிங்களக் கேக்கறவங்க எல்லாம் தமிழ்க்காரங்க. கொள்ளேகால், ஹனூர் சைடு. யாக்கே சார், ஏன்?”

“ஆஷாடம்னா ஆடிம்மா. ஆடியில எந்தத் தமிழன் கல்யாணம் பண்ணுவான்? தெரியாம கேக்கறாங்க. நான் ஹால் இல்லேன்னு சொல்லிடுவேன். கம்ப்யூட்டருக்கு மாசம் தெரியுமா?”

மனிஷா விடவில்லை. கேட்டவர்களுக்கே மெசேஜ் போட்டு விசாரித்தாள். கன்னடக்காரர்களின் ஆஷாடம் அமாவாசைக் கணக்கில் முன்னதாகவே பிறந்துவிடுகிறது. அந்த வருஷம் ஆஷாடத்தில் முக்கால்வாசி தமிழர்களுக்கு ஆனி! ‘உங்களுக்கு ஆனி, எங்க ஹால் காலி’ என்று ரீல் போட்டாள். பூட்டிக் கிடக்கும் மண்டபத்துக்கு மளமளவென்று முகூர்த்தங்கள் வந்தன.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த சேகரன் பொருமினார். “குருட்டு அதிர்ஷ்டம்! நேத்து வந்தவளுக்கு ஆனி தெரியுமா, ஆடி தெரியுமா?”

ஹனூர்க்காரியான அவர் மனைவி நிர்மலா ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “ஏனுங்க, நம்ம கண்ணாலமே ஆஷாடத்துலதானுங்களே! ஆனி மாசம், மண்டபம் சுளுவாக் கெடைச்சுதுன்னு உங்கப்பா பெருமை பேசுனது மறந்துபோச்சுங்களா?”

சேகரன் ரசத்தைத் தானே ஊற்றிக்கொண்டார்.

“இந்த மாசம் கண்ணாலம் பண்ணுனவிய போட்டோ அனுப்புங்கன்னு அந்தப் புள்ள ரீல்ல கேட்டுது. நம்முளுத அனுப்பீட்டனுங்க” என்று போனை நீட்டினாள்.

மனிஷாவின் இன்ஸ்டாகிராமில் மாலையும் கழுத்துமாக இளைய சேகரன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே முதலாளி கன்னடத்தில் எழுதியிருந்தார்: அருமையான யோசனை, புது மண்டபத்தையும் இனி மனிஷாவே பார்த்துக்கொள்ளட்டும்.

அதற்கு நிர்மலா ஒரு ஹார்ட்டும் போட்டிருந்தாள்.